எட்டுப் பாதி வால்நட்

உழவர் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வந்த ஒரே ஆள் இந்தக் கோயம்புத்தூரில் நான்தான் என்று என் மனைவி சொல்கிறாள். அப்படி இருக்காது. இவ்வளவு பெரிய ஊரில் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டில் அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இது. சிங்காநல்லூர் சந்தையில் கீரை மூன்று கட்டு, தக்காளி ஒன்றரைக் கிலோ, முருங்கைக்காய் ஏழு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் வேலை பார்த்த நூல் மில்லில் எனக்கு அப்புறம் ஸ்டோர்ஸ் பொறுப்பை ஏற்றவர் எதிரே வந்தார். காபி குடிக்கக் கூட்டிப்போனார். பென்ஷனில் ஆரம்பித்த பேச்சு அவருடைய மூட்டுவலிக்கு வந்து சேர்ந்தபோது இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். ஒண்டிப்புதூர் பஸ் வந்தது. அவர் ஏறினார். இடது முழங்காலை முடித்து வலது முழங்காலுக்கு அவர் இன்னும் வரவில்லை என்பதால் நானும் ஏறினேன்.

மறுநாள் காலையில் வாசலைப் பார்த்தால் ஸ்கூட்டர் இல்லை.

"ஏம்புள்ள! வண்டியக் களவாண்டு போட்டானுக!" என்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் வரிசையில் ஐந்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர் வரிசையில் நான்கு.

என் மனைவி ஈரக் கையோடு வந்தாள். வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நேத்து மேசை மேல ஒரு பஸ் டிக்கெட் கெடந்துச்சே, அது யாருதுங்க?"

போலீசுக்குப் போன் போட எடுத்த கை அப்படியே நின்றது. ஸ்கூட்டர் சந்தை வாசலிலேயே இருந்தது. சீட்டின் மேல் யாரோ ஒரு சுரைக்காயை வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே விஷயம் பெங்களூர் போய்விட்டது. அங்கேதான் எங்கள் ஒரே மகள் இருக்கிறாள். சனிக்கிழமை வந்து இறங்கியவள் காபி குடிப்பதற்கு முன்னால் கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவியக் குடுங்கப்பா."

"எதுக்கு கண்ணு?"

"டாக்டர் பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க வண்டி எடுக்கக் கூடாதுங்கப்பா. இன்னிக்கு வண்டிய மறந்தீங்க. நாளைக்கு வண்டியில போறப்ப வழிய மறந்துட்டீங்கன்னா?"

"திருச்சி ரோட்ட எப்படி கண்ணு மறக்கறது? அது நேராத்தான போகுது."

சாவி அவள் கையிலிருந்து என் மனைவியின் கைக்குப் போனது. எங்கே ஒளித்து வைத்தாள் என்பதை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. சாவி போனதுகூடப் பெரிதில்லை. அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "தனியா இருக்க வேண்டாம், ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க" என்று ஆரம்பிப்பாள். அவள் குடியிருப்பது பதினோராவது மாடியில். அங்கே சன்னலில் நின்றால் எண்ணுவதற்கு எதிர்க் கட்டடத்தின் சன்னல்களைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அதையும் போன தடவை போனபோது எண்ணி முடித்துவிட்டேன்.

நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். ஐந்து வார்த்தைகள் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாம்பழம், குடை, சாவி, கோயில், நீலம். அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று நான் இறங்கினேன். அறுபத்தைந்தில் "போதுங்க" என்றார். பாதியில் விட்டுப் பழக்கமில்லாததால் கடைசி வரை போனேன்.

"மீதி ரெண்டு நிக்குதுங்க. அத என்ன பண்றது?"

"அது இருக்கட்டுங்க. அந்த அஞ்சு வார்த்தையச் சொல்லுங்க."

மாம்பழம், குடை, கோயில், நீலம் வந்தன. ஐந்தாவது வரவில்லை. என் மகளும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவியைத்தான் பறித்துக்கொண்டார்களே, அது எப்படி ஞாபகத்தில் இருக்கும்?

ரத்தத்தில் பி12 குறைவாக இருக்கிறது என்று அதற்கு மாத்திரை எழுதினார் டாக்டர். மறதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம், அதற்குள் சாப்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்றார். கீரை, பயறு, சிறுதானியம், பழம், வாரம் இரண்டு தடவை மீன், தினமும் ஒரு கைப்பிடி வால்நட். சர்க்கரை, பொரித்தது, பேக்கரிப் பண்டம், உப்பு எல்லாம் குறைக்க வேண்டும்.

"இதெல்லாம் மந்திரம் இல்லைங்க," என்றார். "இதச் சாப்பிட்டா மறதி வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். பிரஷர், சுகரக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கிட்டு, நடந்துக்கிட்டு, நாலு பேரோட பேசிப் பழகிக்கிட்டு, கூட இப்படிச் சாப்பிட்டா வர்ற வாய்ப்புக் குறையலாம். அவ்வளவுதான்."

எனக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான். "கைப்பிடின்னா யாரு கைங்க?"

"உங்க கைதானுங்க."

"மூடுன கைங்களா, தொறந்த கைங்களா?"

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"எண்ணிக்கையாச் சொல்லிட்டீங்கன்னா சௌகரியமா இருக்கும்," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. எட்டுப் பாதி. அதாவது நாலு முழுசு. போதுங்களா?"

போதும். எட்டு நல்ல எண். எதிலும் அடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சமையலறையில் புகுந்தாள். டாக்டர் குறைக்கச் சொன்னதை இவள் ஒழிக்கச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள். முறுக்கு, மிக்சர், எள்ளுருண்டை, வெல்லம், சர்க்கரை எல்லாம் வெளியேறின. சர்க்கரை டப்பா கழுவித் துடைத்துக் காலியாக மேல் தட்டுக்குப் போனது. மகள் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில் நிறைய வால்நட் வாங்கி வைத்தாள். உடைசல்களைக் கழித்து எண்ணினேன். இருநூற்று நாற்பது பாதி. தினம் எட்டு வீதம் சரியாக முப்பது நாளுக்கு வரும். மறு பரிசோதனையும் அன்றைக்குத்தான். இவ்வளவு அழகாக ஒரு கணக்கு அமைந்து வெகு காலமாயிற்று.

"உனக்கு வேண்டாமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அதென்னமோ மூளையாட்டவே இருக்குது. பாத்தாலே கொமட்டுது. எனக்கெதுக்குங்க? கல்யாணத்தன்னிக்கு உங்க பெரியம்மா என்னென்ன சொன்னாங்கன்னு வரிசையாச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டர் கதை தெரிந்த தெரு சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அனுதாபம் வந்தால் அது போசியில்தான் வரும். போசி என்பது மூடியும் தூக்கும் உள்ள சின்னப் பாத்திரம். எதிர் வீட்டம்மா வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் எங்கள் தமிழும் பேசுகிறவர். மாடித் தொட்டியில் அவர் வளர்க்கும் வல்லாரை முழுவதும் துவையலாகி எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். மூலை வீட்டிலிருந்து கொள்ளு ரசம் வந்தது. "அண்ணனுக்கு மூளைக்கு நல்லதுங்க" என்று ஒவ்வொருவரும் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வழியாகப் போகிற பால்காரருக்கும் என் மூளையின் நிலவரம் தெரிந்துவிட்டது.

நான் வால்நட் கணக்கைக் காகிதத்தில் எழுதவில்லை. எழுதினால் காகிதத்துக்குத்தான் ஞாபகம் இருக்கும். மனதில் வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் பாட்டிலைக் கொட்டி எண்ணிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மில் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் இருப்புச் சரிபார்த்தவனுக்கு இது ஒரு வேலையா?

முதல் வாரக் கடைசியில் நூற்றெண்பத்து நான்கு இருக்க வேண்டும். நூற்று எழுபத்து மூன்றுதான் இருந்தது.

மறுபடி எண்ணினேன். அதேதான். பதினொன்று குறைகிறது.

வீட்டில் எலி இல்லை. திருடன் வந்தால் டிவியை விட்டுவிட்டுப் பதினோரு வால்நட்டை எடுக்க மாட்டான். என் மனைவிக்கு அதைப் பார்த்தாலே குமட்டுகிறது. மிஞ்சுவது நான். ஒரு வேளை தின்றதை மறந்துவிட்டு மறுபடியும் தின்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் எட்டுத்தானே குறைய வேண்டும், இல்லாவிட்டால் பதினாறு? பதினொன்று எப்படி? தின்றதையும் மறந்து, எட்டு வரை எண்ணவும் மறந்துபோனால்தான் பதினொன்று வரும்.

மனைவியிடம் கேட்டிருக்கலாம் என்று நினைப்பீர்கள். கேட்டால் அன்று சாயங்காலமே அது பெங்களூர் போய்ச் சேரும். பதினோராவது மாடி. அதனால் வாயை மூடிக்கொண்டு எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். காந்திபுரத்திலிருந்து எங்கள் வீடு வரை பஸ் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்வேன், பிறகு பின்னாலிருந்து சொல்வேன். ஒரு நாள் குளியலறைக்கு வெளியே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ளார என்னங்க மொணமொணங்கறீங்க?"

"ஸ்லோகம்."

"சுங்கம், ராமநாதபுரம்னெல்லாம் ஸ்லோகத்துல வருதுங்களா?"

இன்னொரு நாள் அலமாரிகளைச் சரிபார்த்தேன். எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிச் சொல்லிவிட்டுப் பிறகு திறந்து பார்ப்பது ஒரு பயிற்சி. மேல் தட்டில் சர்க்கரை டப்பாவை நகர்த்தியபோது உள்ளே கிணுங்கென்று ஒரு சத்தம். காலி டப்பா சத்தம் போடாது. திறந்து பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது என் ஸ்கூட்டர் சாவி என்று. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எடுத்து என்ன செய்வது? வால்நட் கணக்கே உதைக்கும்போது எந்த முகத்தோடு வண்டி ஓட்டுவது?

இரண்டாம் வாரம் இன்னும் மோசம். மூன்றாம் வாரக் கடைசியில் எழுபத்திரண்டு இருக்க வேண்டிய பாட்டிலில் இருபத்தேழு இருந்தது. நாற்பத்தைந்து குறைவு. மில்லில் இப்படிக் குறைந்திருந்தால் என்னை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

அன்று மத்தியானம் எதிர் வீட்டம்மா ஒரு போசியோடு வந்தார். மனைவி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் நானே வாங்கினேன். திறந்தால் உருண்டைகள். ஆறு. நெய் மணத்தது. இனிப்புக்கும் எனக்கும் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் வாசலில் நிற்கிறவரிடம் வேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னாலும் அது மரியாதைக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்லில் பழக்கப்பட்ட ஒரு கசப்பு.

"ஏனுங்கம்மா, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"வால்நட்டுங்க அண்ணா. கொஞ்சம் நாட்டுச் சக்கரை, நெய். மூளைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராமில்ல."

"எங்க வாங்குனீங்க?"

"நாங்க எங்கீங்க வாங்கறது! உங்க ஊட்டுதுதானுங்க. அக்கா போசியத் திருப்பிக் குடுக்கறப்பெல்லாம் உள்ள போட்டுக் குடுக்கறாங்களே. எங்கூட்டுல யாருக்கும் அந்தக் கசப்பு ஆகாதுங்க. டப்பாவுல சேத்து வெச்சேன். டீச்சரம்மாவும் அவங்களுக்கு வந்தத எங்கிட்டயே குடுத்துப்போட்டாங்க. வீணாப் போகுதேன்னு உருண்டை புடிச்சுக் கொண்டாந்தேன்."

அந்த உருண்டையைச் சாப்பிட்ட சந்தோஷம் எனக்கு என் கல்யாண விருந்திலும் கிடைத்ததில்லை. மீதி ஐந்தையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

"ஏம்புள்ள! போசியில வால்நட்டப் போட்டுக் குடுத்தியா?"

அவள் மடித்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்ன? வெறும் போசியக் குடுக்கச் சொல்றீங்களா? எங்கம்மா ஊட்டுலயும் இல்ல, உங்கம்மா ஊட்டுலயும் இல்ல, அப்பிடி ஒரு வழக்கம். எப்பவும் ஒரு கை சக்கரை போட்டுக் குடுப்பேன். சக்கரைய ஒழிச்சாச்சு. முறுக்கும் இல்ல, வெல்லமும் இல்ல. இந்த ஊட்டுல மிச்சம் இருக்கறது என்னங்க? உப்பையா போட்டுக் குடுக்கறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க மத்தியானம் தூங்கறப்பத்தான் போசி கழுவுவேன். எழுப்பிச் சொல்லோணுங்களா?"

"ஒரு போசிக்கு எத்தன போட்ட?"

"பெரிய போசின்னா அஞ்சு. சின்னதுன்னா மூணு. ரெட்டைப்படையில யாராச்சும் குடுப்பாங்களா?"

முதல் வாரப் பதினொன்று அங்கேயே விடிந்துவிட்டது. ஒரு பெரிய போசி, இரண்டு சின்னது. மூன்று வாரக் கணக்கையும் கேட்டேன். எந்த நாள், எந்த வீடு, போசியில் என்ன வந்தது, மூடி சரியாகப் பொருந்தியதா என்பது வரை தயங்காமல் சொன்னாள். பெரியது ஐந்து, சின்னது நான்கு. இருபத்தைந்தும் பன்னிரண்டும் முப்பத்தேழு.

குறைவு நாற்பத்தைந்து.

"இன்னும் எட்டு ஒதைக்குதே," என்றேன்.

"எனக்கென்னங்க தெரியும்," என்று சொல்லிவிட்டு மடித்து முடித்த வேட்டியை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

எட்டு. ஏழோ ஒன்பதோ என்றால் உடைசல், சேதாரம் என்று எழுதித் தள்ளிவிடலாம். மிகச் சரியாக எட்டு. அப்படியானால் ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் இரண்டு தடவை தின்றிருக்கிறேன். முப்பத்தேழு கிடைத்த சந்தோஷத்தை அந்த எட்டு தின்றுவிட்டது.

அந்தக் கலக்கத்தோடுதான் மறு பரிசோதனைக்குப் போனேன். மகளும் வந்திருந்தாள். டாக்டர் புதிதாக ஐந்து வார்த்தைகள் கொடுத்தார். மணிக்கூண்டு, கரும்பு, செருப்பு, கிளி, பச்சை. சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது ஐந்தையும் சொல்லிவிட்டு, "போன மாசத்து அஞ்சையும் சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டேன். சாவி உட்பட ஐந்தும் வந்தன. டாக்டர் சிரித்துவிட்டார். பி12 ஏறியிருக்கிறதாம். மற்றதெல்லாம் வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது, பயப்படும்படி எதுவும் தெரியவில்லை, வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இதுல மாத்திரை எத்தன பங்கு, வால்நட் எத்தன பங்குங்க?" என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதுங்க. எல்லாம் சேந்ததுதான்."

"ஒரு எட்டு வால்நட் கணக்குல வரலீங்க. அது பரவாயில்லீங்களா?"

"எட்டுத்தான?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தார். படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "சரிங்கம்மா, சாவியக் குடுத்துருங்க."

என் மனைவி சமையலறைக்குள் போனாள். அரிசி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பருப்பு டப்பா. பிறகு சாமி அறைப் பக்கம் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். பெரியம்மா பேசியதை வருஷக்கணக்காக வரிசையாக வைத்திருக்கிற ஆள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மகள் இவளைப் பார்ப்பதற்குள் நான் எழுந்தேன். "சக்கரை டப்பாவுலதான வெச்ச? எடுத்துட்டு வாரேன்," என்று உள்ளே போனேன். பின்னாலேயே அவளும் வந்தாள்.

மேல் தட்டிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தேன். சாவி இருந்தது.

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றாள், மகளுக்குக் கேட்காதபடி.

"சத்தம். நீ எப்ப மறந்த?"

"பத்து நாளாச்சுங்க. நீங்க சாவியக் கேக்காமயே இருக்கீங்களே, எடுத்துப்போட்டீங்களோன்னு ஒரு நா பாக்கலாம்னு வந்தேன். எங்க வெச்சேன்னு வரவே இல்ல. ஊடெல்லாம் தேடிப்போட்டேன். பயந்துபோச்சுங்க. உங்களுக்காச்சும் டாக்டர் இருக்காரு, எனக்கு என்ன இருக்குதுன்னு..." அவள் பார்வை வால்நட் பாட்டிலுக்குப் போய்த் திரும்பியது. "கண்ண மூடிட்டு ஒரே மூச்சுல முழுங்கிப்போட்டேன்."

"எத்தன?"

"உங்களுக்குச் சொன்ன அளவுதானுங்க. எட்டு."

சாவியை எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி மேலே வைத்தேன். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் மில்லில் கணக்கு நேரானால் வரும் நிம்மதி வரவில்லை. அடுத்த மாதம் இவளையும் டாக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். ஸ்கூட்டரில்தான். அவளிடம் சொன்னபோது, "முன்னாலயே சொல்லிப்போடறேன், நூத்துல ஏழக் கழிக்கறதெல்லாம் எனக்கு ஆகாதுங்க," என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு தட்டு வைத்து எனக்கு எட்டு, அவளுக்கு எட்டு என்று எண்ணி வைத்தேன். அவள் உட்கார்ந்தாள், முகத்தைச் சுளித்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு பாட்டிலில் கைவிட்டு இன்னொன்றை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு?"

"ரெட்டைப்படையா இருக்குதுங்களே."

"நாமளே திங்கறதுக்குமா?"

"திங்கறது யாரா இருந்தா என்னங்க?"

எட்டும் ஒன்பதும் பதினேழு. மகள் வாங்கி வந்த புதுப் பாட்டிலில் மறுபடியும் இருநூற்று நாற்பதுதான் இருக்கிறது. பதினேழு வீதம் எடுத்தால் பதினான்காவது நாள் முடிவில் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை என்ன செய்வதென்று அவளிடம் கேட்டேன். போசி ஏதாவது வராமலா போகும், ஆனால் இன்னொன்று சேர்த்து மூன்றாக வைக்க வேண்டும் என்றாள்.